நாக்கு சார் வீட்டு முதல் கிளாஸ்

பழச்சாறும் சிரப்பும் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவள் கணவரை எல்லோரும் 'நாக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. டாங்கில் கலக்கிய எதுவும் அவர் ஒரு வாய் வைத்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போடாமல் பாட்டிலுக்குள் போகாது. இருபது வருஷமாக அதுதான் அவர் உத்தியோகம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கழுவித் துடைத்து, அதே கத்தியால் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாள். ஒரு துண்டை வாயில் போட்டதுமே, "வெங்காயம் வெட்டின கத்தி," என்று தட்டை நகர்த்திவிட்டார். "போலீஸ் நாயோட குடும்பம் நடத்தலாம், உங்களோட நடத்த முடியாது," என்று அவள் அம்மாவிடம் போனில் புலம்பியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் விட்டு அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து, வாசனை தெரு வரைக்கும் போயிருக்கிறது. ஓடி வந்து பார்த்தால் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷன் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவள் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தவர் முகம் அப்படியே வெளுத்துப்போனது. டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும்," என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூக்கு போனபின் நாக்கு மட்டும் தனியாக என்ன செய்யும்? இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இந்த நாலும் தெரிந்தது. ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதுப் பழச்சாற்றுக்கும் நேற்றுப் புளிக்க ஆரம்பித்த சாற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐம்பது வயதில், ருசி தெரியாத ருசிபார்ப்பவரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

யோசனை அவளுடையதுதான். "சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாங்க. நான் பார்த்துச் சொல்றேன்," என்றாள். அவரும் டாங்கிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சின்ன ஃபிளாஸ்குகளில் பிடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அவள் குடித்துப் பார்த்துத் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்வாள். "இதுல ஈரத்துணி வாசனை வருது." "இது பென்சில் சீவின மாதிரி இருக்கு." அவர் அதைக் கம்பெனி பாஷைக்கு மாற்றி மறுநாள் எழுதுவார். இதற்காக 'எந்தக் கலவையும் ஒரு ராத்திரி ஆறின பிறகுதான் தீர்ப்பு' என்று புதுச் சட்டமே கொண்டுவந்தார். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "பொறுமைன்னா நாக்கு சார்கிட்ட கத்துக்குங்க," என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது.

இந்த ஒரு வருஷத்தில் அவளிடம் ஏற்பட்ட மாற்றத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரர் தரும் அளவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அகலம் அவர் சொல்வது, நிறம் அவர் சொல்வது, அவள் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. இப்போதோ தினம் சாயங்காலம் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, "என்ன தெரியுது? சொல்லு, சொல்லு," என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதுளைச் சாற்றில் பக்கத்து டாங்கின் அன்னாசி கலந்திருந்ததை ஒருமுறை அவள் கண்டுபிடித்தாள். கம்பெனியில் வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்து அவள் தைத்த தையலெல்லாம் கோணல். சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை.

எல்லாம் இப்படியே ஓடியிருக்கும். முதலாளிக்குப் புது ஆசை ஒன்று வந்தது. தேனும் எலுமிச்சையும் கலந்த சிரப் ஒன்றைப் போட வேண்டும். வீட்டில் பர்பன் வைத்திருக்கிறவர் அதில் ஒரு மூடி சிரப் ஊற்றி, ஐஸ் போட்டால் காக்டெயில் தயார். பாருக்குப் போக வேண்டாம். பர்பன் என்றால் சோளத்தில் காய்ச்சி, உட்புறம் கரித்த மரப்பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறவைக்கிற விஸ்கி. அதற்கு எவ்வளவு தேன், எவ்வளவு எலுமிச்சை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு நாக்கு சாருக்கு வந்தது. முதலாளி அதோடு நிறுத்தவில்லை.

"லேப்ல கலக்காதீங்க. லேப்ல எவன் குடிக்கிறான்? உங்க வீட்டு அடுக்களையில, உங்க வீட்டு ஸ்பூன்ல கலக்குங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து உங்க வீட்டு மேஜையில உட்கார்ந்து குடிச்சுப் பார்க்கறேன்," என்றாராம்.

பர்பனையும் கொடுத்துவிட்டார். அதன் சொந்த பாட்டிலில் அல்ல, கம்பெனியின் வெற்று அரை லிட்டர் பாட்டிலில். பெயரைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகைதான். அவள் அதுவரை மதுவை மோந்துகூடப் பார்த்ததில்லை. முதல் நாள் ஸ்பூன் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தவள் சிங்க்குக்கு ஓடினாள். மூன்றாம் நாள் ஓடவில்லை. "புது மர அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கு. அப்புறம் கருகின சர்க்கரை. கடைசியில மூக்கு எரியுது," என்றாள். தேன் கெட்டியாக இருந்ததால் கரைய மறுத்தது. வெந்நீரில் இளக்கிச் சேர்த்தார்கள். எலுமிச்சை ஏறினால் மரவாசனை போய்விட்டது, தேன் ஏறினால் இருமல் மருந்தாகிவிட்டது. கடைசியில் பிடிபட்டது: பர்பன் நாலு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒன்றரை, இளக்கிய தேன் ஒன்றரை, கிளாஸ் நிறைய ஐஸ். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் தப்பாது என்று அவர் நிம்மதியானார். அளவு தெரிந்துவிட்டால் மூக்கு எதற்கு?

இதற்கிடையில் லேபிள் அச்சடிக்கிறவர் அந்தப் பானத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றார். விலையுயர்ந்த சரக்கையா அவருக்கு அனுப்புவது? நாக்கு சார் வீட்டிலேயே சர்க்கரையைக் கருக்கித் தண்ணீர் ஊற்றி, அதே நிறத்துக்குக் கொண்டுவந்து, அதே மாதிரி வெற்று பாட்டிலில் நிரப்பி வைத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஷெல்ஃபில் இடது பக்கம் பர்பன், வலது பக்கம் நிறத்தண்ணீர். மூக்கு போனதிலிருந்து அவர் பொருள்களை இடத்தை வைத்துத்தான் அறிந்துகொண்டிருந்தார். வினிகர் இங்கே, எண்ணெய் அங்கே, மண்ணெண்ணெய் பால்கனியில். எதையும் இடம் மாற்றக் கூடாது என்பது அந்த வீட்டின் ஒரே சட்டம்.

சனிக்கிழமை வந்தது. முதலாளி வருகிறார் என்று அவள் காலையிலிருந்து வீட்டைத் துடைத்தாள். கைவைக்காத மூலை இல்லை. ஷெல்ஃபையும் துடைத்தாள்.

முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனுஷன், பேசுவதைவிடக் கேட்பது அதிகம். நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "விருந்தெல்லாம் வேண்டாம்மா. நான் வேடிக்கை பார்க்க வந்தவன்," என்றார். அவள் உப்புப் போட்ட பாதாமைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, ஐஸ் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றுகொண்டாள்.

கணவர் ஷெல்ஃபிலிருந்து இடது பக்கத்து பாட்டிலை எடுத்து, ஒரு மந்திரவாதியின் தோரணையோடு மூடியைத் திருகினார்.

வாசனை வரவில்லை.

வாரம் முழுக்க அந்த மூடி திறந்த மறுகணம் அடுக்களையில் புது அலமாரி திறந்துகொள்ளும். இன்றைக்கு எலுமிச்சை வாசனைதான் வந்தது, தரை துடைத்த சோப்பு வாசனை வந்தது. அவளுக்கு ஒரு நொடி தன் மூக்கும் போய்விட்டதோ என்று பயம் வந்தது. அடுத்த நொடி ஷெல்ஃப் நினைவுக்கு வந்தது. காலையில் இரண்டு பாட்டிலையும் இரண்டு கையில் எடுத்து, துணியால் துடைத்து, திரும்ப வைத்தது. எந்தக் கை எந்தப் பக்கம் வைத்தது?

"என்னங்க, போன் அடிக்குது பாருங்க," என்றாள்.

"அடிக்கட்டும்," என்றார் அவர் ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன் மேஜையிலேயே முதலாளியின் முழங்கைக்குப் பக்கத்தில், உயிரில்லாமல் கிடந்தது. முதலாளி அதை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவளை ஒரு பார்வை பார்த்தார்.

நாலு ஸ்பூன் விழுந்தது. "என்னங்க, எலுமிச்சை வாடிப் போயிருக்கு. வேற வாங்கிட்டு வந்துடறீங்களா?" என்றாள். இரண்டாகப் பிளந்த எலுமிச்சை, சாறு சொட்டச் சொட்ட அவர் கையில் இருந்தது.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார். பிறகு முதலாளியைப் பார்த்துச் சிரித்து, "என்னைவிட இவதான் சார் பதட்டமா இருக்கா," என்றார். ஒரு வாரமாக இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தவர். இவ்வளவு உற்சாகமாக அவரைப் பார்த்து மாதக்கணக்காகிறது. அவளுக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. அவர் அதைக் குடித்துப் பார்த்திருந்தால் தொண்டை எரியாததை வைத்தே கண்டுபிடித்திருப்பார். விருந்தாளிக்குக் கலக்குவதில் தான் வாய் வைக்க முடியுமா?

தேன், எலுமிச்சை, ஐஸ் எல்லாம் சேர்ந்தன. கலக்கிவிட்டு அவர் செய்யவே கூடாத ஒன்றைச் செய்தார். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்து மூச்சு வாங்கினார்.

"நல்ல சரக்கு சார். முதல்ல கருக்கின ஓக் மரம் வருது. பின்னாலேயே வெனிலா. கடைசியில லேசா ஒரு காரம், மூக்குல ஏறுது," என்று அவள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கம்பெனி பாஷையில் ஒப்பித்தார்.

முதலாளியின் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவர் கிளாஸை நோக்கிக் கையை நீட்டினார். சர்க்கரைத் தண்ணீரில் தேனும் எலுமிச்சையும். ஒரு வாய் போதும், இருபது வருஷம் போய்விடும்.

அவள் இரண்டு எட்டில் மேஜைக்கு வந்து, முதலாளியின் விரல் படுவதற்குள் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். ஐஸ் பல்லில் இடித்துக் கூசியது.

கணவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"அம்மா குடிப்பாங்களா?" என்றார் முதலாளி மெதுவாக.

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது சரியில்ல சார். உங்களுக்குக் குடுக்கிற மாதிரி இல்ல," என்றாள். ஷெல்ஃபுக்குப் போய் மற்ற பாட்டிலை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தாள். "இதுல போடுங்க."

அவர் அந்த பாட்டிலைப் பார்த்தார். ஷெல்ஃபைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மூடியைத் திருகினார். மூடி திறந்ததும் வாசனை குப்பென்று அறையை நிறைத்தது.

"இப்பத்தான் வாசனையே வருது," என்றார் முதலாளி.

முதலாளி எட்டி முதல் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் கவிழ்த்து நக்கிப் பார்த்தார். "கருக்கின சர்க்கரை," என்றார். பிறகு அவள் கணவரிடம், "இதுல ஓக் மரம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கணவர் தலையைக் குனிந்தபடி இரண்டாவது கிளாஸைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஸ்பூன் கிளாஸில் கிணுகிணுவென்று அடித்தது. தேன் ஸ்பூனில் வழிந்து அளவுக்கு மேல் விழுந்தது. கலக்கி முடித்து அதை முதலாளி முன்னால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

முதலாளி ஒரு வாய் குடித்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. கிளாஸைத் துடைத்து, திருப்பி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல என்ன குறை? நீங்க சொல்லுங்கம்மா."

'எனக்கு என்ன சார் தெரியும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். அப்படிச் சொன்னால் இன்னும் ஏதாவது பொய்யை வைத்து ஒப்பேற்றலாம். பாட்டில் மாறிப்போச்சு, சளி பிடிச்சிருக்கு, ஏதோ ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவளுக்குப் புதிதில்லையே. கணவர் அவளைப் பார்க்கவில்லை. எப்படியும் பொய் சொல்லிக் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கையில் அவர் தோள்கள் காத்திருந்தன.

அவள் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"தேன் அரை ஸ்பூன் கூடிப்போச்சு. அதனால மர வாசனை அமுங்கிடுச்சு. எலுமிச்சையை அழுத்திப் பிழிஞ்சதுல தோலோட கசப்பும் இறங்கியிருக்கு. அது இல்லேன்னா, இது நல்லா இருக்கும் சார்," என்றாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவ்வளவு நாளா?"

கேட்டது அவளை அல்ல. "போன வருஷம் காய்ச்சல் வந்தப்போ இருந்து," என்றார் கணவர்.

"ஒரு ராத்திரி ஆறணும்னு சட்டம் போட்டது?"

"வீட்டுக்குக் கொண்டுவர நேரம் வேணும்ல சார்."

"நான் உங்களை எல்லார் முன்னாலயும் புகழ்ந்தேன்," என்றார் முதலாளி. இப்போதுதான் கோபம் வெளியே வந்தது. விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டே பேசினார். "சின்னக் குழந்தைங்க குடிக்கிற ஜூஸ். ஒண்ணு கெட்டுப் போயிருந்தா? இவங்க ஒரு நாள் சளி பிடிச்சுப் படுத்திருந்தா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எதுவும் கெடல சார்."

"கெடல. யாரால கெடல?"

கணவர் மேஜையில் சிந்திய தேனை விரலால் வழித்தார். அவர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை நேரம் ஆனதே என்று அவளுக்கு வலித்தது. "இவளால," என்றார் கடைசியில்.

முதலாளி எழுந்தார். நின்றபடியே யோசித்தார். பாதாமைக் கையில் எடுத்துத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டார். பிறகு அவளைப் பார்த்து, "திங்கட்கிழமை கம்பெனிக்கு வாங்கம்மா. பத்து மாதிரி வைப்பேன், எந்தச் சீட்டும் ஒட்டாம. சரியாச் சொன்னீங்கன்னா ருசி ரூம் உங்களுது," என்றார்.

"அவரு?" என்றாள்.

"அவருக்கு வேலை இருக்கா இல்லையான்னே எனக்கு இப்போ தெரியல. பொய் சொன்ன ஆளை அந்த நாற்காலியில மறுபடி உட்கார வைக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்."

அவர் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைச் சொல்லத்தான். அந்த அளவெல்லாம் அவர் கை கற்றது, ருசிக்குப் பெயர் வைக்கக் கற்றுக் கொடுத்தது அவர், எடுத்தால் இரண்டு பேரையும் எடுங்கள் என்று அடுக்கிச் சொல்ல வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஆனால் சீட்டு ஒட்டாத பத்து கிளாஸ்கள் ஒரு வெள்ளை மேஜையில் தனக்காக நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். அவளுக்கு அது வேண்டும். இவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே இதுவரை தெரியாது. கட்டின புருஷன் இரண்டடி தூரத்தில் இடிந்துபோய் நிற்கும்போது அப்படி வேண்டியிருந்ததை நினைத்து வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் வந்தும் ஆசை போகவில்லை.

"எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகு கணவர் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிழிந்த எலுமிச்சைத் தோல்களை யாரோ மேஜையிலிருந்து பொறுக்குகிற சத்தம் கேட்டது.

"எட்டரைக்குப் போகணும்," என்றார் கணவர். பொறுக்கிய தோல்களைக் குப்பையில் போட்டார். "அன்னிக்குக் காபி குடிக்காத. பல் தேய்ச்ச உடனே எதையும் வாயில வைக்காத, பேஸ்ட் ருசி எல்லாத்தையும் கெடுத்துடும். முதல் கிளாஸ்ல தீர்ப்புச் சொல்லாத. முதல் கிளாஸ்ல எல்லாருக்கும் பயம் இருக்கும், ருசி சரியாத் தெரியாது. எனக்கும் இருந்துச்சு."